மயக்க டாக்டரிடம் கஞ்சாவைச் சொல்லலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 32. கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். எடை 128 கிலோ, உயரம் 170 செ.மீ. சர்க்கரை இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதாகப் பரிசோதனையில் சொன்னார்கள். இன்னும் ஆறு வாரத்தில் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன். யாரிடமும் சொல்லாத ஒன்று: ஏழு வருடமாகத் தினமும் வேலை முடிந்து வந்ததும் கஞ்சா பிடிக்கிறேன். சிகரெட் தூளோடு கலந்து இரண்டு, சில நாள் மூன்று. அது இல்லாமல் தூக்கம் வராது. சர்ஜன் கேட்டபோது ‘எப்போதாவது சிகரெட்’ என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் ஆபரேஷனை ரத்து செய்துவிடுவார்களா? போலீஸ் கேஸ் ஆகுமா? மனைவிக்குத் தெரிந்துவிடுமா? ஒரு வாரம் முன்னால் நிறுத்தினால் போதாதா? ஆபரேஷனுக்கு அப்புறம் புகையாக இல்லாமல் எண்ணெயாகவோ மிட்டாயாகவோ எடுக்கலாம் என்கிறான் நண்பன். சரிதானா? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, எடைக் குறைப்பு ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் கடிதத்தில் இருப்பதை ஆபரேஷன் மேசைக்கு வருவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வருத்தப்பட்ட நோயாளிகள் பலர். நீங்கள் ஆறு வாரம் முன்னால் கேட்டுவிட்டீர்கள். அதுவே பெரிய நிம்மதி.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். கஞ்சா வைத்திருப்பதும் பிடிப்பதும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சிகிச்சைக்காக நோயாளி சொல்வதை வெளியே விடாமல் காப்பது எங்கள் தொழில் நெறி. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு ஆட்பட்டவர் தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால், பயன்படுத்தியதற்கான வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவு அது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘கஞ்சா பிடிப்பேன்’ என்று நோயாளி சொன்னதைக் கேட்டுப் போலீஸுக்குப் போன் செய்த டாக்டரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

ஆபரேஷன் ரத்தாகுமா? உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. கணக்கு உங்களுக்கு 44-ஐத் தாண்டுகிறது. சர்க்கரையும் இருக்கிறது. ஆபரேஷன் உங்களுக்குத் தேவையான சிகிச்சை, யாரும் அதைப் பறிக்க மாட்டார்கள். தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். தேதி நாலு வாரம் தள்ளிப்போவது இழப்பே இல்லை. சொல்லாமல் மேசையில் படுத்தால்தான் இழப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

உங்களைத் தூங்க வைக்க நாங்கள் முதலில் போடுவது புரொப்போஃபால் என்ற ஊசி. தொடர்ந்து கஞ்சா எடுப்பவர்களுக்கு வழக்கமான அளவு பல நேரம் போதுவதில்லை. அமெரிக்காவில் கஞ்சா சட்டபூர்வமான கொலராடோ மாநிலத்தில், எண்டோஸ்கோப்பிக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட 250 பேரின் பதிவுகளைப் பார்த்து 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. கஞ்சா எடுப்பவர்களுக்குத் தேவைப்பட்ட புரொப்போஃபால், மற்றவர்களைவிட 220 சதவீதம் அதிகம், அதாவது மூன்று மடங்குக்கு மேல். அந்த 250 பேரில் கஞ்சா எடுத்தவர்கள் 25 பேர்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் நாங்கள் தினமும் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. முன்கூட்டியே தெரிந்தால் மருந்தைக் கூடுதலாக எடுத்துவைத்து, நிதானமாக ஏற்றுவோம். தெரியாவிட்டால், கனத்த கழுத்தும் தூக்கத்தில் மூச்சடைப்பும் உள்ள உங்களுக்கு மூச்சுவிடக் குழாய் வைக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் பாதி மயக்கத்தில் நீங்கள் இருமித் திமிறினால், எங்களுக்கு எல்லாமே கஷ்டம்.

அடுத்தது இதயம். கஞ்சா பிடித்ததும் நாடித் துடிப்பு எகிறும். பிடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 4.8 மடங்கு என்று 2001-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்க மயக்கவியல் சங்கங்களில் ஒன்று 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபரேஷனுக்கு வரும் எல்லோரிடமும் கஞ்சாவைப் பற்றிக் கேட்கச் சொல்கிறது, புகைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மயக்கம் கொடுக்க வேண்டாம் என்கிறது. இந்த இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு ‘காலையில் பிடிக்காமல் வந்தால் சரி’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது கடைசித் தடுப்புக் கம்பி மட்டும்தான். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு நாம் யோசிக்க வேண்டியது வாரக் கணக்கில்.

அப்புறம் வலி. தினமும் கஞ்சா எடுப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் வலி கூடுதலாகத் தெரிகிறது, மார்பின் வகை மருந்துகளும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. ‘கஞ்சா வலியைக் குறைக்கும்தானே’ என்று கேட்பீர்கள். வெளியிலிருந்து தினமும் வந்த ஒன்றுக்கு உடம்பு பழகிப்போய், தன் சொந்த ஏற்பாட்டைச் சுருக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சடைப்பு உள்ளவருக்கு மார்பினைத் தாராளமாகக் கொடுக்க முடியாது, தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். அதனால் வயிற்றுச் சுவரில் மரத்துப்போகும் ஊசி, பாரசிட்டமால் டிரிப் என்று வேறு வழியில் திட்டம் போட வேண்டும். அந்தத் திட்டத்தை முதல் நாளே போட வேண்டும். நடுராத்திரி வார்டில் நீங்கள் துடிக்கும்போது போட முடியாது.

இப்போது உங்கள் ‘ஒரு வாரம்’ கேள்விக்கு வருகிறேன். இதில் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். தினசரிப் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை, பயங்கரமான கனவுகள் ஆரம்பிக்கும். முதல் வாரத்தில்தான் உச்சம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும், தூக்கம் சரியாக மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கலாம். ஆக, ஒரு வாரம் முன்னால் நிறுத்தினால் மிக மோசமான கட்டத்தில் எங்களிடம் வந்து சேருவீர்கள். இரண்டு நாள் முன்னால் நிறுத்தினால் இன்னும் சிக்கல். உச்சம், ஆபரேஷன் முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும்.

அந்த நாட்களில் நாங்கள் எதற்குப் பயந்துகொண்டிருப்போம் தெரியுமா? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நீளமாகப் பின் அடித்து மூடுகிறோம். அந்தத் தையல் வரிசை எங்காவது கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கசிவின் முதல் அறிகுறி பெரும்பாலும் வயிற்று வலி அல்ல. நாடி 120-ஐத் தாண்டும், நோயாளி காரணம் புரியாமல் அமைதியிழப்பார், வியர்க்கும். நிறுத்திய கஞ்சாவின் தவிப்பும் பார்வைக்கு ஏறக்குறைய இப்படியே இருக்கும். எங்களுக்கு விஷயம் தெரியாவிட்டால் இல்லாத கசிவைத் தேடி ஸ்கேனுக்கு ஓடுவோம். அதைவிட மோசம், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு ‘இது கஞ்சா நிறுத்தியதால் வரும் படபடப்பு’ என்று உண்மையான கசிவைத் தவறவிடுவது. ஆபரேஷன் நாளில் உங்கள் உடம்பு இந்த இரண்டு குழப்பத்துக்கும் இடம் கொடுக்காத நிலையில் இருக்க வேண்டும்.

அதனால் இன்றே நிறுத்தத் தொடங்குங்கள். கல்லீரலைச் சுருக்குவதற்காக ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் புரதக் கஞ்சி, மோர், சூப் என்று குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். அந்தப் பட்டினியையும் கஞ்சா நிறுத்திய தவிப்பையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துத் தாங்கியவர்கள் குறைவு. இன்று தொடங்கினால் அந்த டயட் ஆரம்பிக்கும்போது உங்களுக்கு நாலு வாரம் ஆகியிருக்கும், தவிப்பு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆறு வாரம் என்பது நல்ல அவகாசம், அதை வீணாக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்களே கவனிக்காமல் எழுதிப்போனது: சிகரெட் தூள். கஞ்சாவை மட்டும் நினைத்துப் பயப்படுகிறீர்கள், அதோடு உள்ளே போகும் நிகோடினைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தையல் ஆறுவதைத் தாமதப்படுத்தும். எடை குறைக்கச் சிறிதாக்கிய இரைப்பையை நேராகக் குடலோடு இணைக்கும் பைபாஸ் ஆபரேஷன் (இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு அந்த இணைப்பில் புண் வருவதற்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று. குறைந்தது ஆறு வாரம் முன்பே புகையிலையை விடச் சொல்வது பல இடங்களில் நடைமுறை. கஞ்சாவை நிறுத்திவிட்டுத் தவிப்பைச் சமாளிக்கச் சிகரெட்டைக் கூட்டுபவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். நிகோடின் சூயிங்கம் வைத்துச் சமாளிக்கலாமா என்பதை உங்கள் சர்ஜனிடம் கேட்டு முடிவெடுங்கள். சிலர் ஆபரேஷன் நெருங்கும்போது அதையும் நிறுத்தச் சொல்வார்கள்.

‘அது இல்லாமல் தூக்கம் வராது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைக்கிறது. விடிய விடிய மூளை உங்களை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. கஞ்சா அடித்துப் போட்டாற்போல் படுக்க வைக்கிறது, அடைப்பை எடுப்பதில்லை. அதை நிறுத்தும் நாட்களில் வரும் தூக்கமின்மையைப் பார்த்து, ‘பார், இது எனக்குத் தேவை’ என்று மனசு சொல்கிறது. அந்தத் தூக்கமின்மை கஞ்சாவே உண்டாக்கியது. மூச்சுக்கு உதவும் சிபாப் மெஷினை எழுதிக் கொடுத்திருந்தால் இன்றிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கேளுங்கள். முதல் வாரம் முகமூடி எரிச்சலாக இருக்கும். பழகியவர்கள் பல வருடத்துக்குப் பிறகு முழுசாகத் தூங்கி எழுந்தேன் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது, மூச்சடைப்பு உள்ளவருக்கு அது விஷப் பரீட்சை. ஷிப்டை இரண்டு மாதம் பகலுக்கு மாற்ற முடியுமா என்றும் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், மருத்துவக் காரணம் என்றால் போதும்.

மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன் அந்தச் சந்திப்பு பல மருத்துவமனைகளில் வழக்கமான படிதான், அதில் கேவலம் எதுவும் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. போனில் பேச வேண்டும் என்றால் 14446 என்ற தேசியப் போதை மீட்பு உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

சரி, ஆபரேஷனுக்கு அப்புறம்?

கஞ்சா பிடித்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் எடை குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. உங்கள் நண்பர் அதைக் காட்டினால் பொய் என்று சொல்ல மாட்டேன். என் கவலை எடை மட்டும் அல்ல, வாந்தி.

என் நோயாளி ஒருவர், உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஸ்லீவ் முடிந்து நாலாவது மாதம் ஓயாத வாந்தியோடு வந்தார். வேகமாகச் சாப்பிட்டாரா, குழாய் போலாக்கிய இரைப்பை எங்காவது சுருங்கிவிட்டதா, புண்ணா என்று தேடினோம். எண்டோஸ்கோப்பி இரண்டு முறை, எல்லாமே சரியாக இருந்தது. அவருடைய அம்மா போகிற போக்கில் சொன்னார்: ‘ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை வெந்நீரில் குளிக்கிறான் டாக்டர், அப்போதுதான் வாந்தி நிற்கிறது என்கிறான்.’ அந்த வார்த்தையில் விடை கிடைத்தது. வருடக் கணக்கில் கஞ்சா எடுப்பவர்களில் சிலருக்கு, அவ்வப்போது, வந்தால் நிற்காத வாந்தி வரும், கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் தற்காலிகமாக அடங்கும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பகுதி மருத்துவர்கள் 2004-இல் முதன்முதலில் இதை விவரித்து எழுதினார்கள். கஞ்சா குமட்டலை அடக்கும் என்று எல்லோரும் நினைப்பதால், வாந்தி வர வர இன்னும் பிடிப்பார்கள், இன்னும் வாந்தி வரும். முழுசாக நிறுத்துவது ஒன்றுதான் தீர்வு. அவரிடம் முன்பே கேட்டுச் சரியான பதில் வாங்கியிருந்தால் அந்த இரண்டு எண்டோஸ்கோப்பியும் தேவைப்பட்டிருக்காது. கேட்ட விதத்தில் எங்கள் பக்கமும் தவறு இருந்தது. ‘கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?’ என்று அப்பா அம்மா முன்னால் வைத்துக் கேட்டால் யார் உண்டு என்பார்கள்?

சுருங்கிய இரைப்பையோடு தொடர் வாந்தி என்பது சாதாரணக் கஷ்டம் இல்லை. வைட்டமின் பி1, அதாவது தயமின், நம் உடம்பில் சில வாரத்துக்கு மேல் சேமிப்பில் இருக்காது. வாந்தியால் அது தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும். பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். தாமதித்தால் ஞாபக மறதி நிரந்தரமாகிவிடலாம். எனவே இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் டிரிப் போட்டு அனுப்பிவிடுவார்கள். ‘எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் ஊசி போடுங்கள்’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பசி விஷயமும் இருக்கிறது. கஞ்சா பிடித்தால் தோன்றும் அகோரப் பசி கற்பனை அல்ல, மூளையில் பசியைத் தூண்டும் ஓர் ஏற்பியை (ரிசெப்டர்) அது போய்த் தொடுகிறது. அதே ஏற்பியை அடைத்தால் எடை குறையும் என்று ரிமோனபாண்ட் என்ற மாத்திரையை ஐரோப்பாவில் 2006-இல் அனுமதித்தார்கள். எடை குறையத்தான் செய்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். பசியும் மனநிலையும் அவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. ஸ்லீவுக்குப் பிறகு பிரியாணி நாலு வாய்க்கு மேல் இறங்காது, ஆனால் ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ராத்திரி இரண்டு மணிக்குக் கஞ்சா போதையில் ஃபிரிட்ஜைத் திறப்பவர் கை போவது அங்கேதான்.

எண்ணெய், மிட்டாய் பற்றி. புகை இல்லாததால் நுரையீரல் தப்பிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சாப்பிடும் கஞ்சா ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் வழியாகப் போகும்போது இன்னும் வீரியமான பொருளாக மாறும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொன்று போட்டு மாட்டிக்கொள்வது சாதாரண வயிறு உள்ளவர்களிடமே நடக்கிறது. இரைப்பையின் அமைப்பையே மாற்றிய பிறகு எவ்வளவு, எப்போது ஏறும் என்று உங்களுக்கு அளவு சொல்ல என்னால் முடியாது, உங்கள் நண்பராலும் முடியாது. ஆயுர்வேதம் என்ற பெயரில் ‘விஜயா’ எண்ணெய், மாத்திரை என்று இணையத்தில் விற்பதும் கஞ்சா இலையின் சாறுதான். அதை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வி பலர் கேட்பார்கள்: கஞ்சா கொழுப்பில் தங்கும்தானே, எடை கரையும்போது திரும்ப ரத்தத்தில் இறங்கிப் போதை ஏறுமா? கொழுப்பில் தங்குவது உண்மை. அதனால்தான் தினமும் எடுத்தவர்களின் சிறுநீரில் நிறுத்திப் பல வாரம் கழித்தும் தெரிகிறது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ அதைக் கழுவாது. ஆஸ்திரேலியாவில் வழக்கமாகப் பிடிக்கும் 14 பேரை 35 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அளவு கொஞ்சம் கூடியது. போதை ஏறும் அளவுக்கு இல்லை. நிறுத்திய பிறகு பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம், எப்போது நிறுத்தினீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்கு. இத்தனை வருடம் வேலை முடிந்து வந்து உங்களை ஆற்றியவை இரண்டு: கஞ்சா, சாப்பாடு. ஆறு வாரத்தில் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. அந்த இடம் காலியாக இருக்காது. அமெரிக்காவில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் 7.6 சதவீதமாக இருந்த குடிப் பிரச்சினை, ஆபரேஷனுக்குப் பின் இரண்டாவது வருடத்தில் 9.6 சதவீதமானது. பைபாஸ் செய்தவர்களிடம்தான் அது அதிகம். ஸ்லீவுக்குப் பிறகும் மது சட்டென்று ஏறும், எனவே நண்பர்கள் ஊற்றிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் கையும் மனசும் தேடுமே, அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன வைக்கப்போகிறீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். ஒருவருக்கு நடை, இன்னொருவருக்குச் செடி. என் நோயாளி ஒருவர் தினமும் தன் அக்காவுக்குப் போன் செய்வார், இருபது நிமிடம், ஒரு வருடமாக.

மனைவியிடம் மருத்துவமனை சொல்லாது. ஆனால் முன்பரிசோதனைக்கு அவரும் கூட வந்து உட்காருவார். ‘டாக்டர், உங்களிடம் தனியாக அஞ்சு நிமிடம் பேச வேண்டும்’ என்று சொன்னால் போதும், நாங்கள் அவரை வெளியே இருக்கச் சொல்வோம், தினமும் செய்வதுதான். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை, புகையிலை சேர்த்தா, கடைசியாக எந்தத் தேதி. நாலு வரி. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆபரேஷன் தேதி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே சர்ஜனுக்குப் போன் செய்து ‘அன்று முழுசாகச் சொல்லவில்லை’ என்று ஆரம்பியுங்கள்.

மனைவியிடம் நீங்களே சொல்வது நல்லது என்பது என் எண்ணம். எப்போது, எப்படி என்பது உங்கள் முடிவு. இன்றிலிருந்து இரண்டு வாரம் நீங்கள் எரிந்து விழப்போகிறீர்கள், ராத்திரியில் வியர்த்து எழுந்து உட்காரப்போகிறீர்கள். காரணம் தெரியாமல் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று முதலில் கவனிக்கப்போவதும் அவர்தான்.